பெரியண்ணனுக்கு மூச்சு வாங்கியது ஏன்?



சென்ற செயற்குழுக் கூட்டத்தில் நம் சங்கத்து முகவரிப் பட்டியலைப் பற்றிச் சூடான விவாதம் நடந்தது. வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். செம்பூரில் பேசியது முலுண்டுக்குப் போய்ச் சேர நம்மவர்களுக்கு டெலிபோன்கூடத் தேவையில்லை. பட்டியலைப் பல வருடங்களாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் குற்றவாளிக் கூண்டில் நின்றவன் நான்தான். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ஆற அமர யோசித்ததையும், பிறகு செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

விவாதத்துக்குக் காரணமான அந்த ஜனவரி இரவை முதலில் சொல்லிவிட வேண்டும். பதினொன்றரை மணிக்கு டோம்பிவலியிலிருந்து ஒரு போன். பேசியவர் நம்மவர் அல்ல. பக்கத்து ஃபிளாட்டில் தனியாக இருந்த பெரியவர் தவறிவிட்டார், அவர் மேசை மேல் கிடந்த உங்கள் பத்திரிகையில் இந்த எண் இருந்தது, மகனுக்கு எப்படித் தகவல் சொல்வது என்று இந்தியில் கேட்டார். நான் அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு கம்ப்யூட்டரைத் திறந்து பெரியவரின் பெயரைத் தட்டினேன். திரை உறைந்துவிட்டது. ஏறக்குறைய முக்கால் நிமிடம். போனின் மறுமுனையில் ஒரு மனிதர் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் ஒரு வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு பதிவுகள் வந்தன. ஒன்றில் ஏழு இலக்க எண். மும்பையில் எண்களுக்கு முன்னால் 2 சேர்ந்து எட்டு இலக்கம் ஆனது 2002-ல்; அதற்கு முன் எழுதியது, அதற்குப் பின் யாரும் தொடவில்லை. மற்றொன்றில் மகன் எப்போதோ பஹ்ரைனில் இருந்தபோது கொடுத்த எண். மகன் புனேயில் இருக்கிறார் என்பது எனக்கே தெரியும். ஆனால் எண் இல்லை. கோயில் நண்பர் ஒருவரின் நண்பர் மூலமாக விடியற்காலை நாலு மணிக்குத்தான் தகவல் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், புனே எண் பட்டியலிலேயே இருந்தது. மூன்றாவது பதிவு ஒன்றில், பெயரின் எழுத்துக்கூட்டல் வேறாக.

இதற்கப்புறம் செயற்குழுவில் கோபம் வந்ததில் வியப்பில்லை. பொருளாளர், "இந்தப் பழைய வண்டியைக் கடாசிவிட்டு போனில் ஒரு ஆப் போட்டுக்கொள்ளலாம், எல்லா எண்ணும் தானே ஏறிவிடும்" என்றார். செயலாளர், "ஆப் இருக்கட்டும் சார், உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பெட்டியை யார் திறப்பார்கள்?" என்று கேட்டார். இரண்டாவது கேள்விதான் என்னைத் தைத்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈமாக்ஸ் என்று ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். கட்டுரை, கடிதம் எழுதப் பயன்படும் நிரல். இதன் முன்னோடி 1976-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் குனு ஈமாக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்டார். இலவசம் என்பது அதில் சின்ன விஷயம். உள்ளே இருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம் என்பதுதான் பெரிய விஷயம். அதற்குள் இருந்தபடியே மெயில் படிக்கலாம், கணக்கு எழுதலாம். முகவரிப் பட்டியலும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியல் பகுதியை 1990-களின் தொடக்கத்தில் எழுதியவர் ஜேமி ஜவின்ஸ்கி, பின்னாளில் நெட்ஸ்கேப்பில் பேர் வாங்கியவர். குறும்புக்காரர். அதற்கு அவர் வைத்த பெயர் 'இன்சிடியஸ் பிக் பிரதர் டேட்டாபேஸ்'. ஓசைப்படாமல் நோட்டம் விடும் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வெல்லின் நாவலில் வரும் பெரியண்ணன்தான். நமக்கு மெயில் எழுதுகிறவர்களையெல்லாம் தானே கவனித்துக் குறித்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். சுருக்கமாக பி.பி.டி.பி. பிற்காலத்தில் இதைப் பெரிய அளவில் திருத்தி மூன்றாம் பதிப்பாகக் கொண்டுவந்தவர் ரோலண்ட் விங்க்லர்.

பட்டியல் முழுவதும் ஒரே ஒரு கோப்பு. ஒரு ஆளுக்கு ஒரு வரி. ஈமாக்ஸ் இல்லாவிட்டாலும் எந்த கம்ப்யூட்டரிலும் திறந்து, கண்ணால் படித்துப் பொருள் புரிந்துகொள்ளலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதத்தில் பாதி இதில்தான் நிற்கிறது.

சரி, இது ஏன் மெதுவானது?

எனக்குப் பல வருடங்களாக ஒரு தீர்மானமான கருத்து இருந்தது: பட்டியல் பெரிதாகிவிட்டது, கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது. இந்தக் கருத்தின் பேரில் சங்கத்துப் பணத்தில் கூடுதல் மெமரி வாங்கிப் போட்டேன். கொஞ்சம்கூட வேகம் கூடவில்லை. பிறகு யாரோ சொன்னார்கள் என்று குப்பை சேகரிப்பில் கை வைத்தேன். ஈமாக்ஸ், வேலை செய்யும்போது சேரும் கழிவு நினைவகத்தை அவ்வப்போது நின்று பெருக்கித் தள்ளும். 8 லட்சம் பைட்டுகள் புதிதாகப் புழங்கினதும் ஒரு தடவை பெருக்கலாம் என்பது அதன் வழக்கமான அளவு. அதைப் பல கோடியாக உயர்த்தினேன். கோப்பைத் திறக்கும்போது சற்று வேகம் கிடைத்தது. ஆனால் சேர்த்து வைத்துப் பெருக்கும்போது திரை நின்று நின்று போயிற்று. தினம் பெருக்காமல் தீபாவளிக்கு ஒரு தரம் பெருக்கும் வீடு மாதிரி.

அந்த ஜனவரிக்குப் பிறகுதான் செய்ய வேண்டிய முதல் காரியத்தைச் செய்தேன்: அளந்து பார்த்தேன். அதுவும் நானாக இல்லை. நம் உறுப்பினர் ஒருவரின் பெண், இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள், "அங்கிள், புரொஃபைலர் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். 2013-ல் வந்த 24.3-ஆம் பதிப்பிலிருந்து ஈமாக்ஸிலேயே அது இருக்கிறது. ஓட விட்டால், சிறு சிறு இடைவெளியில் எட்டிப் பார்த்து, இந்த நொடி எந்த வேலை நடக்கிறது என்று குறித்துக்கொண்டே போகும். கடைசியில் எந்த வேலைக்கு நூற்றுக்கு எவ்வளவு நேரம் போயிற்று என்று கணக்கு கொடுக்கும். முதலாளிக்குப் பயப்படாத குமாஸ்தா.

கணக்கைப் பார்த்தோம். கோப்பைப் படிக்க ஆன நேரம் அற்பம். ஒரு தடவை படித்தால் எல்லாம் நினைவகத்தில் இருக்கும். பெயரையும் மெயில் முகவரியையும் கொண்டு தேட பி.பி.டி.பி. ஏற்கெனவே ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. பெரியண்ணன் நிரபராதி. பெரும்பகுதி நேரத்தைத் தின்றது பத்துப் பன்னிரண்டு வரியுள்ள ஒரு சிறு நிரல். அதைத் திரையில் பிரித்துப் பார்த்த அந்தப் பெண், "இதை யார் அங்கிள் எழுதினது?" என்றாள்.

"நான்தாம்மா."

ரொம்ப வருடம் முன்பு, ஒரே போன் எண் இரண்டு பேருக்கு இருந்தால் எச்சரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதியது. ஒவ்வொரு தேடலுக்கு முன்னாலும், ஒவ்வொரு மெயில் திறக்கும்போதும் ஓடும்படி வைத்திருந்தேன். அது என்ன செய்தது என்றால், முதல் ஆளின் எண்ணை எடுத்துக்கொண்டு பட்டியல் முழுவதும் நடந்து ஒப்பிட்டது. பிறகு இரண்டாம் ஆள், மறுபடி பட்டியல் முழுவதும். இப்படிக் கடைசி ஆள் வரை. அப்போது பட்டியலில் 200 பேர். 200 தரம் 200, அதாவது 40,000 ஒப்பீடு. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இன்று 4,000 பதிவு. 4,000 தரம் 4,000 என்றால் ஒரு கோடியே அறுபது லட்சம். பட்டியல் இருபது மடங்கு வளர்ந்தது, வேலை நானூறு மடங்கு வளர்ந்துவிட்டது. எந்த மெமரி வாங்கிப் போட்டு இதை ஈடு கட்டுவது?

மாற்று வழி நம் வீட்டுப் பெண்மணிகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது ஒவ்வொரு கவருக்கும் மற்ற எல்லாக் கவரையும் பிரித்துப் பார்ப்பவர் உண்டா? நோட்டில் ஊர்வாரியாகப் பக்கம் ஒதுக்கி எழுதிக்கொண்டே போவார்கள். அதே பெயர் இரண்டாம் முறை வந்தால் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர்காரர்கள் இதை ஹாஷ் டேபிள் என்பார்கள். எண்ணைக் கொடுத்தால் அது எந்த அறையில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நேரே அங்கே போகும். 4,000 பேருக்கு 4,000 தடவை எட்டிப் பார்த்தால் போதும். அந்தப் பெண் அரை மணி நேரத்தில் மாற்றி எழுதிவிட்டாள். கூடவே, தேடும்போதெல்லாம் எதற்கு, பதிவைச் சேர்க்கும்போதும் திருத்தும்போதும் ஓடினால் போதாதா என்று கேட்டு அதையும் மாற்றினாள். முக்கால் நிமிடம் போன இடம் தெரியவில்லை. எண்டரைத் தட்டினால் பதில் நிற்கிறது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அந்த இரவை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

இன்னும் இரண்டு சில்லறைத் திருத்தங்கள். எழுதிய நிரலை அப்படியே வரி வரியாகப் படித்து ஓட்டாமல் பைட்-கம்பைல் செய்து வைத்தோம். எல்லோரையும் ஒரு சேரக் காட்டச் சொல்லும்போது ஆளுக்கு ஏழெட்டு வரி என்றில்லாமல் ஆளுக்கு ஒரு வரியாகக் காட்டும்படி அமைத்தோம். திரையில் வரைய வேண்டியது குறைந்தால் வேகம் கூடும். தமிழ் எழுத்துக்களை ஒற்றையும் கொம்பையும் காலையும் சேர்த்து அமைத்துக் காட்ட வேண்டியிருப்பதால் ஆங்கிலத்தைவிட நேரம் சற்றுக் கூடத்தான் ஆகும்.

ஆனால் வேகத்தோடு கதை முடியவில்லை. அந்த இரவு முக்கால் நிமிடத்துக்குப் பதிலாக அரை நொடியில் பதில் வந்திருந்தாலும், தப்பான இரண்டு எண்கள்தான் வேகமாக வந்திருக்கும். அதனால் 4,000 பதிவுகளையும் உட்கார்ந்து பார்த்தோம். நம் குடும்பங்கள் அவ்வளவு இல்லையே என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். பாதிக்கு மேல் குப்பை. பெரியண்ணனிடம், மெயில் எழுதும் எல்லோரையும் கேட்காமலே சேர்த்துக்கொள் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். அவரும் பாங்க் விளம்பரம், ரயில் டிக்கெட் உறுதி, புடவைக் கடைத் தள்ளுபடி எல்லாவற்றையும் சங்க உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அந்த அனுமதியை ரத்து செய்தேன். இப்போது என்னைக் கேட்டுத்தான் சேர்ப்பார்.

மிச்சத்தில்தான் நம்முடைய பிரத்யேகத் தொல்லை. நம் பெயர்கள். ஊரில் நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. இங்கே வந்ததும் பள்ளிக்கூடப் படிவத்தில் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். ஒருவர் தாத்தா பெயரை எழுதுவார், ஒருவர் ஊர்ப் பெயரை. பி.பி.டி.பி.யும் அமெரிக்காவில் பிறந்தது. அதற்கும் முதற்பெயர், கடைப்பெயர் வேண்டும். ஆகவே வெங்கடராமன் என்பவர் ரேஷன் கார்டில் எஸ். வெங்கடராமன், பாங்கில் வெங்கடராமன் சுப்ரமணியம், ஆபீஸ் மெயிலில் சுப்ரமணியம் வெங்கட், சொசைட்டி நோட்டீஸ் போர்டில் வெறும் அய்யர். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! நாம் கே, எஸ், எச் போடுகிற இடத்தில் மராட்டிய குமாஸ்தா ஒரே எக்ஸ் போட்டுவிடுவார். ஊர்ப் பெயரும் அப்படித்தான்: 1995-க்கு முந்திய பதிவில் பம்பாய், பிந்தியதில் மும்பை. மெட்ராஸ் முகவரிகள் 1996-ல் சென்னை ஆயின. இத்தனைக்கும் தனித்தனிப் பதிவு. ஒன்றில் பழைய எண், ஒன்றில் பழைய வீடு, ஒன்றில் மட்டும் சரியான தகவல்.

இதற்கும் மருந்து அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நான்தான் கையேட்டைப் படிக்கவில்லை. இரட்டைப் பதிவுகளைத் தேடிக் காட்ட ஒரு கட்டளை உண்டு. இரண்டை ஒன்றாக்க ஒரு கட்டளை உண்டு. மாற்றுப் பெயர்கள் என்றே ஒரு கட்டம் இருக்கிறது; அதில் எத்தனை பெயர் எழுதினாலும் எதைக் கொண்டு தேடினாலும் அதே ஆள் வருவார். எழுத்துக்கூட்டல் வேறாக இருப்பதை மட்டும் எந்தக் கட்டளையாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு உட்கார்ந்து படிக்க வேண்டும், அந்தக் குடும்பத்தைத் தெரிந்தும் இருக்க வேண்டும். நானும் என் மனைவியும் எட்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். "இவர் அவருடைய ஷட்டகர் இல்லையா?" என்று அவள் சொல்லித்தான் பல இரட்டையர் பிடிபட்டார்கள். இப்போது பட்டியல் 1,300 சொச்சம்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். பொருளாளர் சொன்ன ஆப்பை நானும் போட்டுப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, வேகமாக இருக்கிறது. ஆனால் உள்ளே நுழையும்போதே போனில் உள்ள எல்லா எண்களையும் எடுத்துக்கொண்டு போக அனுமதி கேட்டது. நம் பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்று யோசியுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் யார், எந்த மாடியில் இருக்கிறார்கள், ரத்த வகை என்ன, யார் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள் என்பது வரை குறிப்பு இருக்கிறது. சங்கம் என்று நம்பி நம்மிடம் சொன்னவை. இதை முகம் தெரியாத கம்பெனிக்குக் கொடுக்க நமக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுவாகத்தான் இருந்திருக்கும். தவிர, அந்த ஆப் மெதுவானால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. கம்பெனி மூடிவிட்டால் பட்டியலும் போய்விடும். நம் கோப்பைத் திறக்க எவர் தயவும் வேண்டாம். நான் செய்த தப்பைக் கண்டுபிடிக்க முடிந்ததே, அது திறந்த பெட்டியாக இருந்ததால்தான்.

செயலாளர் கேட்ட கேள்விக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. அவர் சொன்னது முழுக்க நியாயம். இத்தனை வருடம் இதை என் ஒருவன் கையில் வைத்துக்கொண்டதில் கொஞ்சம் கர்வமும் கலந்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஈமாக்ஸ் கற்றுக்கொள்ளச் சுலபமானதல்ல. கற்றவர்களுக்கு அதிலே ஒரு மிதப்பு வந்துவிடும். ஆகவே மூன்று ஏற்பாடுகளுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். கோப்பின் நகல் செயலாளர் வீட்டிலும் இருக்கும், பூட்டிய பீரோவில். ஆளுக்கு ஒரு வரியாக அச்சிட்ட பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்பட்டு அவரிடமே இருக்கும். மின்சாரம் போன இரவிலும் அது வேலை செய்யும். அந்த இன்ஜினியரிங் பெண் என்னோடு சேர்ந்து பட்டியலைப் பார்த்துக்கொள்ள இசைந்திருக்கிறாள். படிப்பு முடிந்து வெளியூர் போகும் முன் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். "முதல்ல நீங்க எழுதினதையெல்லாம் ஒரு தடவை காட்டுங்க அங்கிள்" என்றாள். காட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் அடுத்த நிகழ்ச்சியின்போது அரங்க வாசலில் ஒரு மேசை போட்டிருப்போம். ஒரு பக்கப் படிவம்தான். உங்கள் பெயரை எங்கெங்கே எப்படியெப்படி எழுதுகிறீர்கள் என்பதை எல்லா விதத்திலும் எழுதுங்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதை மறக்காமல் எழுதுங்கள். பெற்றோரை இங்கே விட்டு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எண் மாறினால் ஒரு வரி மெயில் அனுப்பினால் போதும், அன்றைக்கே ஏற்றிவிடுவோம். மூக்குக்கண்ணாடி கொண்டு வரவும்; படிவத்தில் எழுத்து கொஞ்சம் சிறியது.